ஊரில் காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும், அதுவும் எண்ணி

ஊருக்குப் போகும் பெட்டியில் சொக்லேற்றுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே ஒரு பெரிய அட்வில் போத்தலும் கட்டாயம் இருக்கும். தலையிடியா, காய்ச்சலா, முழங்கால் நோவா, எல்லாவற்றுக்கும் அதுதான் கை மருந்து. ரொறன்ரோவில் சரி. யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் காயும்போது அந்தப் போத்தலைத் தொடாதீர்கள். காரணம் டெங்கு.

டெங்கு வந்தவரின் உடலில் இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் குறையும், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். அந்த நேரத்தில் ஐபுபுரூஃபன் வயிற்றைப் புண்ணாக்கி, இரத்தக் கசிவையும் கூட்டிவிடும். அட்வில், மோட்ரின், நியூரோஃபென் எல்லாம் ஐபுபுரூஃபன்தான். அலீவ், வோல்ற்றரன், பொன்ஸ்தான், அஸ்பிரின் ஆகியவற்றாலும் இதே ஆபத்து உண்டு. முதல் நாள் காய்ச்சல் டெங்குவா சாதாரண தடிமனா என்று முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆகவே எந்தக் காய்ச்சலையும் டெங்குவாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கில் மாரி மழையோடு, கார்த்திகை முதல் தை வரை, இது கூடும். 2017இல் மட்டும் இலங்கை முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள்.

எங்கள் அத்தான் ஒரு மார்கழியில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மேல் கொதிக்குது என்று இரண்டு அட்வில்லை எடுத்துக் கையில் வைத்திருந்தார். மாமி ஓடிவந்து தட்டிவிட்டார். நான்காம் நாள் இரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. அன்று மாமி வீட்டில் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

எடுக்கக்கூடியது பரசிற்றமோல். ஊரில் அதற்குப் பெயர் பனடோல், பெட்டிக்கடையிலும் கிடைக்கும். கனடாவின் டைலனோல், பிரான்சின் டொலிப்ரான், சுவிசின் டஃபல்கான் எல்லாம் அதே மருந்துதான்; குளிசையின் அளவுதான் வேறு. ஊர்ப் பனடோல் 500 மில்லிகிராம். டொலிப்ரானில் 1000 மில்லிகிராம் குளிசையும் இருக்கிறது, அது ஒன்று இரண்டு பனடோலுக்குச் சமம். வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போதும். எப்படியும் ஒரு நாளில் எட்டைத் தாண்டக்கூடாது. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும், ஈரல் நோய் அல்லது தொடர்ந்து குடிக்கும் பழக்கம் உள்ளவர்களும் அந்த எட்டுக்குப் போகாமல் டொக்டரிடம் கேட்க வேண்டும். தடிமனுக்குக் கரைத்துக் குடிக்கும் நியோசிட்ரான், லெம்சிப் பக்கற்றுகளிலும் பரசிற்றமோல் இருக்கிறது. பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. டெங்குவில் ஏற்கெனவே ஈரல் களைத்திருக்கும், அதன் மேல் இரட்டிப்பாக ஏற்றக்கூடாது.

பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்குப் பெரிய பயம். மருந்தை வயதுக்கு அல்ல, எடைக்குக் கொடுக்க வேண்டும்: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு ஒருமுறைக்கு 300க்கு மேல் போகக்கூடாது. கனடாவில் வாங்கும் கைக்குழந்தைச் சொட்டு மருந்தின் ஒரு மில்லிலீற்றரில் 80 மில்லிகிராம் இருக்கிறது. ஊரில் கிடைக்கும் பாணியில் பொதுவாக 5 மில்லிலீற்றருக்கே 120தான். "அங்க குடுக்கிற அதே அளவு" என்று அம்மம்மா ஒன்றை மற்றதன் கரண்டியால் அளந்து ஊற்றினால் மும்மடங்காகலாம், அல்லது காய்ச்சலுக்குப் போதாமல் போகலாம். புறப்படுமுன் பிள்ளையின் எடையை எழுதி, எந்தப் போத்தலானாலும் லேபலை வாசித்துவிட்டுக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம்.

பாமசியில் காய்ச்சல் என்று சொன்னால், சில இடங்களில் சின்னக் கடதாசிப் பையில் மூன்று நான்கு நிறக் குளிசைகளைப் போட்டுத் தருவார்கள். பெயர் தெரியாத எதையும் விழுங்காதீர்கள். ஒவ்வொன்றின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் அந்தப் பையை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

காய்ச்சல் மூன்றாம் நாளையும் தொட்டால் டொக்டரிடம் போய் முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் முதல் நாளே போக வேண்டும். அப்புறம், ஊரில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: காய்ச்சல் விட்டவுடன் சுகம் என்று நினைப்பது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் மிக ஆபத்தானது. வயிற்று நோவு, விடாத சத்தி, முரசில் இரத்தம், கை கால் குளிர்தல், சோர்ந்து கிடத்தல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

இதற்கிடையில் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருக்காமல் கஞ்சி, இளநீர், ஜீவனி (பக்கற்றில் வரும் உப்புச் சீனிக் கரைசல்) என்று மாற்றி மாற்றிக் குடியுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம். சத்தியில் இரத்தம் வந்தால் அடையாளம் தெரியாமல் போய்விடும். கொத்தமல்லித் தண்ணி குடிக்கலாம், நெற்றியில் ஓடிக்கொலோன் துணி போடலாம், இதமாக இருக்கும். ஆனால் அவை டொக்டருக்குப் பதிலாகாது.

வயலில் வெள்ளத்தில் நடந்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் இருந்தால், எலிக்காய்ச்சலா என்று கேளுங்கள். அதற்கு அன்ரிபயோற்றிக் வேண்டும், பனடோல் போதாது.

காய்ச்சல் இல்லாத நோவுகள் இலகு. நீண்ட பயணத்துக்குப் பின் வரும் தலையிடிக்கு முதலில் தண்ணீரும் நித்திரையும், பிறகுதான் பனடோல். இடுப்புப் பிடிப்புக்கும் சுளுக்குக்கும் சித்தாலேப பூசலாம். இதயத்துக்காக நாளாந்தம் அஸ்பிரின் எடுப்பவர்கள் காய்ச்சல் வந்ததும் தாமாக நிறுத்தாமல், அன்றே டொக்டரிடம் சொல்லுங்கள். கோடீன் கலந்த நோக் குளிசை கொண்டுபோவதென்றால் மருந்துச் சீட்டும் வேண்டும். டுபாய் வழியாகப் போகிறவர்கள் அங்குள்ள கட்டுப்பாட்டை முன்கூட்டியே பாருங்கள்.

திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், கிளினிக்கில் சொல்லும் முதல் வசனமே "நான் இலங்கைக்குப் போய் வந்தேன்" என்பதாக இருக்கட்டும். நீங்கள் சொல்லாவிட்டால் அங்குள்ள டொக்டருக்கு டெங்கு ஞாபகத்துக்கு வராமலே போகலாம்.