பழைய உறைநிலத்தின் தடங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறைந்தது 2 ஆண்டுகள் தொடர்ந்து 0 பாகை செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலத்தையே பெர்மாஃப்ராஸ்ட், அதாவது நிரந்தர உறைநிலம் என்கிறோம். அதில் பனிக்கட்டி இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஈரமற்ற பாறை பல நூற்றாண்டுகள் உறைநிலமாக இருந்து, பின்னர் தடமே இல்லாமல் வெப்பமடைந்திருக்கக் கூடும். எனவே, தடம் கிடைக்காத இடத்தில் உறைநிலமே இருந்ததில்லை என்று முடிவுகட்டுவது தவறு.

இதைவிட அடிக்கடி நேரும் தவறு, மணற்குழியின் சுவரில் மேலே அகன்று கீழே குறுகும் கீற்று ஒன்றைக் கண்டதும் அதைப் பனிக்கட்டி ஆப்பின், அதாவது உறைநில விரிசலில் ஆப்பு வடிவில் வளர்ந்த பனிக்கட்டியின், எச்சம் என்று குறித்துக்கொள்வது. காய்ந்து வெடித்த களிமண், மக்கிப்போன ஆணிவேர், சுண்ணப்பாறை கரைந்து உண்டான குழி ஆகிய எல்லாமே அதே வடிவைத் தரக்கூடியவை என்பதால், வடிவத்தைவிட உள்ளே நிரம்பியிருக்கும் மண்ணையே கூர்ந்து பார்க்க வேண்டும். பனிக்கட்டி உருகி ஏற்பட்ட வெற்றிடத்தில் மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் மண் சரிந்து விழுவதால், அந்த நிரப்பு ஒழுங்கின்றிக் கலைந்தும், ஓர அடுக்குகள் உள்நோக்கிச் சரிந்தும் காணப்படும். ஆண்டுதோறும் விரிசலில் மணல் விழுந்து வளர்ந்த ஆப்பிலோ மெல்லிய பட்டைகள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும்.

அகலத்தை அளப்பதிலும் ஏமாற்றம் உண்டு. 1 மீட்டர் அகலமுள்ள ஆப்பை அதன் போக்குக்கு 30 பாகைக் கோணத்தில் குறுக்கிடும் சுவரில் அதுவே 2 மீட்டராகத் தெரியும். மேலிருந்து மண்ணைச் சுரண்டி ஆப்பு ஓடும் திசையையும், அது பலகோண வலையில் சேர்கிறதா என்பதையும் பார்த்த பின்பே அளவுநாடாவை எடுப்பது நல்லது.

வட்டக் குளம், அதைச் சுற்றி மண்மேடு என்றால் உடனே பிங்கோவின் எச்சம் என்பார்கள். பிங்கோ என்பது உள்ளே பனிக்கட்டி வளர்வதால் உயரும் உறைநில மேடு; பனிக்கட்டி உருகியதும் குழியும் அதைச் சுற்றிய மேடுமே மிஞ்சும். பெல்ஜியத்தின் ஓத் ஃபான் மேட்டுநிலத்தில் உள்ளவற்றையும் முன்பு அப்படித்தான் கருதினர். இப்போது அவை லித்தால்சா என்னும் வேறுவகை உறைநில மேடுகளின் எச்சங்களாகக் கொள்ளப்படுகின்றன. பிங்கோவில் நீர் அழுத்தத்தால் உள்ளே செலுத்தப்பட்டு உறைகிறது. லித்தால்சாவிலோ வண்டல் மண் நீரை உறிஞ்சி இழுக்க, அது மெல்லிய பனி அடுக்குகளாகப் பிரிந்து உறைகிறது. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் இத்தகைய குளங்களைப் பேச்சுவழக்கிலேயே பிங்கோ என்கின்றனர், பெயர் சான்றாகாது.

சுருண்டு நெளிந்த மண்ணடுக்குகளைத் தனிச்சான்றாகக் கொள்ளவே கூடாது, ஏனெனில் நிலநடுக்கத்தில் குழைந்த ஈர மணலும் அவ்வாறே நெளியும்.

காலக்கணிப்பில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மணல் கடைசியாக வெயில்பட்ட காலத்தைக் கணிக்கும்போது, செங்குத்துப் பட்டைகள் கொண்ட மணல் ஆப்பு குளிர் நிலவிய காலத்தைத் தரும். பனிக்கட்டி ஆப்பின் நிரப்போ, அதிகபட்சம், உருகிய பின் மண் விழுந்த காலத்தையே தரும்.