செல்பிப் ஸ்பீக்கிங் ஐந்தாம் டாஸ்க்: 60 வினாடியைக் கெடுக்கும் தவறுகள்

கனடாவுக்குக் குடியேற விண்ணப்பிக்கிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வுகளில் ஒன்று செல்பிப். அதன் ஸ்பீக்கிங் பகுதியில் எட்டு டாஸ்க் இருக்கும். எதிரே ஆள் கிடையாது, கணினியும் மைக்கும்தான். என்னிடம் பேசிப் பழக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது ஐந்தாவதில். இரண்டை ஒப்பிட்டுப் பேசி ஒருவரைச் சம்மதிக்க வைக்க வேண்டிய டாஸ்க் அது. வீட்டில் ஒரு சொல்லில் அம்மாவைச் சம்மதிக்க வைக்கிறவர்கள்கூட இங்கே பாடம் ஒப்பிப்பதுபோலப் பேசிவிட்டு வருகிறார்கள். மதிப்பெண் அங்கேதான் போகிறது.

டாஸ்க் நடக்கும் விதத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாததிலிருந்தே தவறு தொடங்குகிறது. முதலில் திரையில் இரண்டு படங்கள், உதாரணமாக இரண்டு வீடுகள், விவரங்களோடு வரும். 60 வினாடிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விட்டுவிட்டால் கணினியே ஒன்றை எடுத்துக்கொள்ளும். அடுத்து, நீங்கள் எடுத்ததற்குப் பக்கத்தில் புதிதாக இன்னொன்று வரும். உங்கள் வீட்டாரோ நண்பரோ விரும்புவது அது. தயாராக 60 வினாடி, பேச 60 வினாடி. ஒப்பிட வேண்டியது உங்களுடையதையும் இந்தப் புதியதையும் மட்டும். முதல் திரையில் நீங்கள் விட்டுவிட்டதை மறந்துவிடுங்கள். அதைப் பற்றியே அரை நிமிடம் பேசித் தீர்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் நன்றாகவே இருந்தது, ஆனால் கேட்ட வேலையை அவர்கள் செய்யவில்லை. மதிப்பெண் போடுவதில் பொருளும் கோர்வையும், சொல்வளம், கேட்பதற்குத் தெளிவு ஆகியவற்றோடு, கேட்டதைச் செய்தாரா என்பதும் ஒரு தனி அளவுகோல்.

தேர்ந்தெடுக்கும்போது எனக்கு எது பிடிக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். எதைப் பற்றிப் பேசக் கையில் அதிக விஷயம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அந்த வீட்டில் நீங்கள் குடியிருக்கப் போவதில்லை.

அப்புறம், திரையில் இருப்பதை அப்படியே வாசிப்பது. ஒரு உதாரணம். நீங்கள் எடுத்த வீட்டுக்கு இரண்டு படுக்கையறை, வாடகை 2,200 டாலர், ரயில் நிலையம் 5 நிமிட நடை. உங்கள் அக்கா கேட்பது மூன்று படுக்கையறையும் கொல்லைப்புறத் தோட்டமும் உள்ள வீடு. வாடகை 1,900 டாலர், ரயில் நிலையத்துக்குப் பஸ்ஸில் 40 நிமிடம். பெரும்பாலானவர்கள் இந்த விவரங்களை வரிசையாகச் சொல்லி, நடுவில் 'பட்' போட்டு, கடைசியில் 'சோ மை ஆப்ஷன் இஸ் பெட்டர்' என்று முடிக்கிறார்கள். இதைக் கேட்டு எந்த அக்காவும் மனம் மாற மாட்டாள்.

இதையே வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்? "அக்கா, உனக்குத் தோட்டம்னா உயிர், எனக்குத் தெரியும். ஆனா தினமும் போக 35 நிமிஷம், வர 35 நிமிஷம் கூடுதலா ஆகும். ஜனவரிக் குளிர்ல பிள்ளைய வெச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப்புல நிப்பியா? அந்த 300 டாலர் நமக்கு மிச்சமாவா தெரியும்?" இதில் மூன்று காரியம் நடந்திருக்கிறது. அவள் விருப்பத்தை மதித்தீர்கள், இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தீர்கள், அந்தக் கணக்கை அவள் அன்றாட வாழ்க்கையில் கொண்டுபோய் வைத்தீர்கள். இதை எளிய ஆங்கிலத்தில் சொன்னால் போதும். கேள்வியில் யார் என்று கொடுத்திருக்கிறார்களோ அவரைக் கூப்பிட்டே தொடங்குங்கள். 'குட் மார்னிங், டுடே ஐ ஆம் கோயிங் டு டாக் அபௌட்' என்று மேடைப் பேச்சாக ஆரம்பித்தால் அக்கா காணாமல் போய்விடுவாள். அதேபோல அவள் தேர்வை மட்டம் தட்டவும் வேண்டாம். 'யுவர் சாய்ஸ் இஸ் வெரி பேட்' என்று சொன்ன பிறகு யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?

தமிழில் யோசிக்கிறவர்களுக்கென்றே இரண்டு சிக்கல் உண்டு. பயிற்சியில் இவற்றைப் பிடித்துச் சரிசெய்தாலே பேச்சு வெகுவாக மாறிவிடுகிறது.

தமிழில் காரணங்களை எல்லாம் அடுக்கிவிட்டுக் கடைசியில்தான் முடிவுக்கு வருவோம். வினைச்சொல்லே கடைசியில்தானே வருகிறது. 'வாடகை கூட என்றாலும், பக்கத்தில் ரயில் இருப்பதால், நேரம் மிச்சமாவதால்' என்று போய்க்கொண்டே இருக்கும்போது 60 வினாடி முடிந்துவிடும். பதிவு அந்த இடத்திலேயே நின்றுவிடும், மறுபடி பேச முடியாது. அதனால் 'இந்த வீட்டையே எடுத்துக்கொள்வோம்' என்பதை முதல் இரண்டு வாக்கியத்துக்குள் சொல்லிவிடுங்கள். காரணம் பின்னால் வரட்டும். பாதியில் நின்றாலும் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பது பதிவாகியிருக்கும்.

இன்னொன்று ஒப்பீட்டு இலக்கணம். 'இது அதைவிட மலிவு' என்னும்போது 'மலிவு' என்ற சொல் மாறுவதில்லை, 'விட' எல்லா வேலையையும் பார்த்துக்கொள்கிறது. அந்தப் பழக்கத்தில் 'திஸ் இஸ் சீப் தேன் தட்' என்று வாயில் வந்துவிடும். அதைத் திருத்தப் போய் 'மோர் சீப்பர்' என்பார்கள். இரண்டுமே தவறு. 'சீப்பர்', 'குளோசர்', 'குவைட்டர்', 'மோர் கன்வீனியன்ட்' என ஒரு இருபது சொற்களை 'தேன்' சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஒப்பிடச் சொல்லும் டாஸ்க்கில் இந்தத் தவறு திரும்பத் திரும்பக் காதில் விழும்.

தயாராகும் 60 வினாடியில் முழு வாக்கியம் எழுதப் பார்க்காதீர்கள். மூன்று வாக்கியம் எழுதுவதற்குள் நேரம் போய்விடும், பிறகு அதைப் பார்த்து வாசிக்கும் குரலும் வந்துவிடும். யாரிடம் பேசுகிறேன், அவருக்கு எது முக்கியம், என்னிடம் உள்ள இரண்டு காரணங்கள்: இவ்வளவுக்கும் நாலைந்து சொல் போதும். மனப்பாடம் செய்த முன்னுரையும் வேண்டாம். அது பத்துப் பதினைந்து வினாடியைத் தின்றுவிடும், எந்தக் கேள்விக்கும் பொருந்துவதால் எதற்கும் உண்மையாகப் பொருந்தாது. பதிவைக் கேட்டு மதிப்பெண் போடுகிறவர்கள் மனிதர்கள்தான், அவர்களுக்கு இது தெரிந்துவிடும்.

உச்சரிப்பைக் கனடாக்காரர் மாதிரி மாற்றிக்கொள்ளவும் தேவையில்லை. சொல் தெளிவாக விழுந்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினால் போதும்.

கடைசியாக, அமைதியான அறையில் மட்டும் பழகுவது. தேர்வறையில் சுற்றி இருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் மைக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். முதல் முறை போகிறவருக்கு அந்தச் சத்தத்தில் கோர்வையே அறுந்துவிடும். டிவி ஓடும் கூடத்தில், வீட்டார் பேச்சுக்கு நடுவே உட்கார்ந்து, போனில் 60 வினாடி வைத்துப் பதிவு செய்யுங்கள். பிறகு அதைக் கேள்வி என்னவென்று தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டி, யாரிடம் பேசுகிறேன், என்ன கேட்கிறேன் என்று கேளுங்கள். முதல் பத்து வினாடியிலேயே இரண்டையும் அவர் சொல்லிவிட்டால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.