வெளிநாட்டுப் போன், உள்ளூர் சிம்: எங்கே தவறுகிறோம்?

"நெட்டெல்லாம் நல்லா ஓடுதுப்பா, வாட்ஸ்அப் வருது. ஆனா யாருக்கும் போன் போட முடியல" என்று கும்பகோணத்திலிருந்து அத்தை குரல் பதிவு அனுப்பியிருந்தார். மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்து கொடுத்த புதுப் போன். நேரில் போய்ப் பார்த்தேன். எண்ணைத் தட்டியதும் மேலே இருந்த 4ஜி எழுத்து மறைந்தது. சில நொடி ஒன்றுமே இல்லை. அழைப்பு துண்டானது, 4ஜி திரும்பி வந்தது. மூன்று முறை போட்டும் அதேதான். அத்தை அதற்குள் கடைக்குப் போய் சிம்மையே புதிதாக மாற்றி வாங்கியிருந்தார். "அன்லாக் போன்தான், எந்த சிம்மும் போடலாம்னு சொன்னானே" என்றார்.

பலரும் ஏமாறுவது இந்த ஒரு சொல்லில்தான். அன்லாக் என்றால், விற்ற நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும்படி போடும் பூட்டு அதில் இல்லை என்று பொருள். அவ்வளவுதான். உங்கள் ஊர் டவரின் அலைவரிசை அந்தப் போனில் உண்டா, உங்கள் சிம்மில் குரல் அழைப்பு போகுமா என்பதற்கெல்லாம் அந்தச் சொல் பொறுப்பேற்காது.

அத்தையின் போனில் இல்லாமல் போனது வோல்ட்டி. 4ஜி என்பது அடிப்படையில் டேட்டாவுக்கான ஏற்பாடு. அதில் குரலையும் டேட்டாவாகவே அனுப்பும் முறைதான் வோல்ட்டி. அது வேலை செய்ய, அந்தந்த நிறுவனத்துக்கான அமைப்புகள் போனின் மென்பொருளில் இருக்க வேண்டும். எந்த நாட்டில் விற்கிறார்களோ அந்த நாட்டு நிறுவனங்களுக்குத்தான் தயாரிப்பாளர்கள் இதைச் சோதித்துத் திறந்து விடுகிறார்கள். ஐபோன்களில் இந்தச் சிக்கல் அரிது, ஆண்ட்ராய்டில் அதிகம். வோல்ட்டி இல்லாத போன், அழைக்கும்போது 4ஜியை விட்டு 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கப் பார்க்கும். ஏர்டெல், வி.ஐ. (வோடபோன் ஐடியா) இரண்டிலும் 2ஜி இன்னும் இருப்பதால் அழைப்பு எப்படியோ போய்விடும். 2016 செப்டம்பரில் 4ஜியோடு மட்டுமே தொடங்கிய ஜியோவில் இறங்குவதற்குக் கீழே எதுவும் இல்லை. அதனால்தான் ஒரே போன் ஒரு சிம்மில் பேசுகிறது, இன்னொன்றில் ஊமையாகிறது. வீட்டில் எல்லோரும் சிம்மைத் திட்டுகிறார்கள்.

சோதிப்பது எளிது. வைஃபையை அணைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் அல்லாமல் நேரடியாக ஒரு அழைப்பு போடுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் மேலே பாருங்கள். 4ஜி மறையாமல் இருந்தால் வோல்ட்டி இருக்கிறது. அத்தையின் சிம் ஜியோ. எண்ணை மாற்றாமல், 2ஜி உள்ள நெட்வொர்க்குக்கு போர்ட் செய்து கொடுத்தோம். இப்போது அழைப்பு வருகிறது. பேசும் நேரத்தில் நெட் நின்றுவிடும், அதற்கு வழியில்லை.

இங்கே வாங்கிய போனை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் மாணவர்களுக்கு இந்த விஷயம் இன்னும் கடுமையானது. அமெரிக்காவில் ஏடி&டி 2022 பிப்ரவரியிலும் வெரைசன் அந்த ஆண்டின் இறுதியிலும் 3ஜியை மூடிவிட்டன. ஏடி&டி தான் ஏற்கும் போன்களுக்கு ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. அதில் இல்லாத மாடல், தொழில்நுட்பத்தில் தகுதி உள்ளதாகவே இருந்தாலும், அந்த நெட்வொர்க்கில் வேலை செய்யாது. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 3ஜியை நிறுத்தியபோது, 4ஜி வழியாக அவசர எண்ணை அழைக்க முடியாத போன்களுக்குச் சேவையே தரக்கூடாது என்று விதி வந்தது. சில போன்கள் சாதாரண அழைப்பை 4ஜியில் போடும், அவசர எண்ணான 000-ஐ அழைத்தால் மட்டும் 3ஜியைத் தேடும். மூடப்பட்ட 3ஜியை. நெஞ்சுவலி வந்தவர் கையில் அப்படி ஒரு போன் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். விமானம் ஏறும் முன்பே *#06# தட்டி, போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எடுத்து, சேரப்போகும் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுச் சரிபாருங்கள்.

அடுத்தது பேண்ட், அதாவது எண் போட்டுக் குறிக்கும் அலைவரிசைப் பிரிவு. 4ஜி போன் என்றாலே எல்லா 4ஜியும் எடுக்கும் என்று நினைக்கிறோம். ஜியோவின் 4ஜி ஓடுவது 3, 5, 40 ஆகிய பேண்டுகளில். பிஎஸ்என்எல் புதிதாக நிறுவும் 4ஜி டவர்களுக்கு 1, 28. அமெரிக்காவில் 2, 12, 13, 66, 71 என்று கணக்கே வேறு. ஒன்றிரண்டு பொருந்தினாலும் சிக்னல் வரும், அதுதான் ஏமாற்றும். வாசலில் நின்று சோதித்தால் நான்கு கோடு, சமையலறைக்குள் போனால் ஒன்றுமில்லை. சுவரைத் துளைத்து உள்ளே வருவது 5, 28 போன்ற தாழ் அலைவரிசைகள்தான். அந்தப் பேண்ட் போனில் இல்லையென்றால் வீட்டுக்குள் கஷ்டம். பெட்டியில் உள்ள போன் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயரில் நாட்டுக்கு ஒரு மாடல் விற்கிறார்கள், மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி அதற்கான பேண்ட் பட்டியலைப் பாருங்கள். 5ஜியிலும் இதே பார்வை வேண்டும்: ஜியோ 4ஜியைச் சாராத தனி 5ஜி. அதற்கான வசதியைத் திறந்துவிடாத போனில் 5ஜி எழுத்தே வராது.

பெரியப்பா வீட்டில் நடந்தது வேறு. அமெரிக்காவிலிருந்து வந்த போனில் சிம் போடப் பெரியப்பா பாவாடை ஊக்கை எடுத்து, அடியில் இருந்த ஓட்டையில் குத்தியிருக்கிறார். அது மைக். 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் தட்டே கிடையாது, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் இ-சிம் மட்டும்தான். ஐபோன் 17-இல் துபாய், சவுதி, கத்தார், குவைத் மாடல்களும் அப்படியே ஆகிவிட்டன. சீனாவில் விற்கும் பெரும்பாலான ஐபோன்களில் நேர்மாறாக இரண்டு சிம் அட்டை போடலாம். இங்கே இ-சிம்முக்கு மாறுவது கடினமல்ல, ஆனால் நாளைப் பார்த்து மாறுங்கள். சிம் மாற்றியதும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் தடுக்கப்படும், வங்கி ஓடிபி வராது. பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய கடைசி நாளில் இதைச் செய்தால் அன்று தவிக்க வேண்டியதுதான்.

சாம்சங் போன் என்றால் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரைப் படியுங்கள். அந்தப் பகுதி சிம்மைப் போட்டு முதலில் இயக்க வேண்டும் என்று இருந்தால், வாங்கிய ஊரிலேயே அந்த சிம்மில் மொத்தம் ஐந்து நிமிடமாவது பேசிவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் வேறு பகுதி சிம்மை அது ஏற்காமல் போகலாம். "பிரிக்காமல் அப்படியே கொண்டு வா" என்று சொல்வது இந்த இடத்தில் தவறாகப் போகும்.

பழைய ஐபோனைக் கடையில் வாங்குவோருக்கு ஒன்று. பூட்டுள்ள போனில் சிம்மோடு ஒட்டி ஒரு மெல்லிய சில்லைச் செருகி அன்லாக் என்று விற்பதுண்டு, ஆர்-சிம் என்பார்கள். ஒரு அப்டேட் போட்டால் சிக்னல் போய்விடலாம். தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் போய் கேரியர் லாக் என்ற வரியில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். கூடவே கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணையும் 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அந்த எண் தடுக்கப்பட்டதா, போலியா என்று பதில் வரும். பதில் வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.