தூக்கம் கெடுகிறதா? வைட்டமின் டி மாத்திரைக்கு முன் குறட்டையைக் கவனியுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் இத்தனை வெயில் அடித்தும் வைட்டமின் டி குறைகிறதா என்று பலர் கேட்கிறார்கள். குறையத்தான் செய்கிறது. பால்மரம் வெட்டுபவர் விடியுமுன் கிளம்பி மர நிழலிலேயே வேலையை முடிக்கிறார். செம்பனைக் காட்டில் முழுக்கைச் சட்டை, தலைத்துணி. ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர் பகலெல்லாம் உறங்குகிறார். போதாததற்கு எடையும் சேர்ந்துகொள்கிறது. இந்த வைட்டமின் கொழுப்பில் கரைவது. உடம்பில் கொழுப்பு கூடினால் அங்கேயே தங்கி, இரத்தத்தில் அளவு இறங்கிவிடும்.

வைட்டமின் டி குறைந்தவர்களிடம் தூக்கக் கோளாறு அதிகம் காணப்படுகிறது. ஆனால் மாத்திரை போட்டதும் தூக்கம் திரும்பும் என்பது இன்னும் உறுதியாகவில்லை. எடை தூக்கத்தைக் கெடுக்கும் வழியோ தெளிவானது: கழுத்தைச் சுற்றிய கொழுப்பு, படுத்ததும் மூச்சுப் பாதையை அழுத்துகிறது.

ஆகவே முதல் வேலை, இரவில் கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்து ஒலிப்பதிவு செய்வது. குறட்டை சட்டென்று நின்று, 10 விநாடிக்கு மேல் அமைதி (மூச்சு அடைபடும் நேரம்), பிறகு திணறி மூச்சு வாங்கும் சத்தம் கேட்டால் அதை அப்படியே அரசாங்க கிளினிக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுங்கள். லோரி ஓட்டுபவர் இதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அதுவரை ஒருக்களித்துப் படுங்கள். பழைய பனியனின் முதுகில் ஒரு பை தைத்து டென்னிஸ் பந்தைப் போட்டால், மல்லாந்து புரளும்போது அதுவே எழுப்பிவிடும்.

அடுத்து இடுப்பு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நாடாவை வைத்து, மூச்சை வெளியே விட்டு அளவெடுங்கள். ஆண் 90, பெண் 80 செ.மீ. தாண்டினால் எடை குறைக்க வேண்டும். 80 கிலோ உள்ளவர் 8 கிலோ குறைத்தாலே இந்த மூச்சடைப்பு ஏறக்குறைய கால் பங்கு தணியும். இரவுத் தே தாரேக்கை முதலில் நிறுத்துங்கள்: கெட்டிப்பால் எடையைக் கூட்டும், தேயிலையின் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

வெயிலில் பலரும் நேரத்தைத் தவறவிடுகிறார்கள். நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கல்ல, சுமார் 1:15க்கு. காலை 8 மணி நடை உடல் கடிகாரத்தைச் சீராக்கும். வைட்டமின் டி அநேகமாகக் கிடைக்காது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்க வேண்டும், அதாவது சுமார் 10:30க்குப் பிறகு. கையும் காலும் திறந்திருக்க 20 நிமிடம், வாரத்தில் சில நாள். தோல் எரியுமுன் நிழலுக்கு வந்துவிடுங்கள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பயனில்லை.

வைட்டமின் டி இரத்தப் பரிசோதனைத் தாளில் அலகைப் பாருங்கள். 45 நானோகிராம் (ng/mL) என்றால் போதுமானது. 45 நானோமோல் (nmol/L) என்றால் குறைவு. 50 நானோமோலும் 20 நானோகிராமும் ஒன்றே.

பெரியவர்களுக்கு வைட்டமின் டி நாளொன்றுக்கு 600 ஐயு (IU, வைட்டமினை அளக்கும் அலகு), 65 வயதுக்கு மேல் 800. உடல் பருமனானவருக்கு இரண்டு மூன்று மடங்குகூடத் தேவைப்படலாம். அதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். சொந்த முடிவில் 4,000ஐத் தாண்டாதீர்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் கேட்காமல் தொடங்கவே கூடாது. வெறும் வயிற்றில் போட்டால் சரியாகச் சேராது. மீன் குழம்போ முட்டையோ உள்ள சாப்பாட்டோடு போடுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தம் பாருங்கள். இடையில் அடங்காத தாகம், வாந்தி, மலச்சிக்கல் சேர்ந்து வந்தால் கால்சியம் ஏறியிருக்கலாம்: மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.