இருபது முத்துகள்: ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பற்றி எழுதுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கமலா ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீகம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் என்பதால், 2020 முதல் அவரைப் பற்றிய செய்திகளைத் தமிழாக்க வேண்டிய தேவை எனக்கு அடிக்கடி நேர்ந்தது. அந்த வேலையில் என் முதல் சறுக்கல் மூன்று எழுத்துகளில் நிகழ்ந்தது. மூலத்திலிருந்த 'ஏ.கே.ஏ.' என்பதை, ஒருவருக்கு வழங்கும் மறுபெயரைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கமாக எண்ணி, 'என்கிற' என்று எழுதிவிட்டேன். உண்மையில் அது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்னும் சொராரிட்டியின், அதாவது கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவியர் சங்கத்தின், சுருக்கப் பெயர். வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908 ஜனவரி 15 அன்று தோன்றிய அச்சங்கம், அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் அமைத்த முதல் கிரேக்க எழுத்துச் சங்கமாகும். ஹாரிஸ் அதே பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோது, 1986இல், அதில் சேர்ந்தார்.

அவர் அணியும் முத்துமாலையை நகை விருப்பம் என்று மட்டும் எழுதிக் கடந்துவிடுவது பரவலான பிழை. அச்சங்கத்தில் முத்துக்கு ஒரு கணக்கு உண்டு. முன்னோடிகளான 20 பெண்களையும் 'இருபது முத்துகள்' என்றே உறுப்பினர்கள் போற்றுகிறார்கள். இந்த 20 பேரும் ஒரே நாளில் கூடிச் சங்கம் கண்டார்கள் என்று எழுதினால் அதுவும் தவறாகிவிடும். ஈத்தல் ஹெட்ஜ்மன் முன்னின்று திரட்டிய முதல் குழுவில் இருந்தவர்கள் 9 பேர்; அவர்களை அடுத்துச் சேர்த்துக்கொள்ளப்பட்ட இரண்டாமாண்டு மாணவியர் 7 பேர்; 1913இல் சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்யும் பணியை ஒட்டி இவ்வரிசையில் இடம்பெற்றவர்கள் 4 பேர். அதே வேளையில், முத்தைக் கண்டாலே ஏ.கே.ஏ. என்று முடிவு கட்டுவதும் கூடாது. 1920இல் இதே ஹோவர்டில் பிறந்த ஜீட்டா ஃபை பீட்டா சங்கம் தன் நிறுவனர் ஐவரையும் 'ஐந்து முத்துகள்' என்றே அழைக்கிறது. மேலும், ஹாரிஸ் அமெரிக்கத் துணை அதிபராகப் பதவியேற்ற 2021 ஜனவரி 20 அன்று உறுப்பினரல்லாத பெண்கள் பலரும் முத்துமாலை அணிந்தார்கள். அதில் பிழையேதும் இல்லை, ஏனெனில் முத்து எவருக்கும் தனியுரிமையன்று. சங்க எழுத்துகளும் உறுப்பினர் பதக்கமும்தான் வெளியார் அணியக் கூடாதவை.

நிறங்களைப் பற்றி எழுதுவோர் 'பிங்க், பச்சை' என்று போகிற போக்கில் குறிப்பிட்டுவிடுகிறார்கள். சங்கம் வகுத்தவை சால்மன் மீனின் தசையை ஒத்த இளஞ்சிவப்பும் ஆப்பிள் பச்சையும் ஆகும். சின்னம் ஐவி என்னும் படர்கொடியின் இலை. இவற்றை யாரோ ஒருவரின் அழகுணர்ச்சிக்கு விட்டுவிட முடியாது என்பதற்குச் சங்கத்தின் வரலாறே சான்று. 1912இல் மாணவ உறுப்பினர்கள் 22 பேர் பெயரையும் நிறங்களையும் சின்னத்தையும் மாற்றி, சங்கத்தைப் பொதுவாழ்வில் இன்னும் அழுத்தமாக ஈடுபடுத்த விரும்பினார்கள். பட்டம் பெற்று வெளியேறியிருந்த நெல்லி குவாண்டர் அதை ஏற்க மறுத்தார். அந்த 22 பேரும் 1913 ஜனவரி 13 அன்று டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். 16 நாள் கழித்து, ஜனவரி 29 அன்று, குவாண்டர் தரப்பினர் ஏ.கே.ஏ.வைப் பதிவு செய்து பழைய பெயரையும் நிறங்களையும் நிலைநிறுத்தினார்கள். இதை வெறும் வண்ணச் சண்டையாகச் சுருக்குவது அநியாயம்: புதிய சங்கத்தார் அவ்வாண்டு மார்ச் 3 அன்றே வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் அணிவகுத்தார்கள். கருஞ்சிவப்பும் பாலேட்டு வெண்மையும் டெல்டாவின் நிறங்கள். டெல்டா உறுப்பினரான ஒரு பெண்ணுக்கு ஏ.கே.ஏ. நிறத்தில் பொன்னாடை போர்த்துவது, எதிர்க்கட்சிக்காரருக்குக் கரை மாறிய வேட்டியைப் பரிசளிப்பதைப் போன்றது.

காதால் கேட்பதிலும் தவறுகள் உண்டு. அரங்கில் ஹாரிஸின் பெயர் ஒலித்ததும் 'ஸ்கீ-வீ' என்று உச்சக் குரலில் எழும் ஒலியைக் கேலிக் கூச்சல் என்றோ சீழ்க்கை என்றோ எழுதிவிடக் கூடாது. அது உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு எழுப்பும் அழைப்பு. விருந்துகளில் ஒருவர் பின் ஒருவராக, ஒரே அசைவில் ஆடியபடி அவர்கள் நகர்ந்து செல்வது 'ஸ்ட்ரோல்'. காலால் தரையை அறைந்தும் கைதட்டியும் மேடையில் நிகழ்த்துவது 'ஸ்டெப்'. இரண்டும் வேறு. ஸ்ட்ரோல் வரிசையின் குறுக்கே ஒருவர் தட்டும் கையுமாக உணவு மேசைக்கு நடந்து போனால், அது மரியாதைக் குறைவாகவே கொள்ளப்படும்.

அவர்கள் தமக்குள் வழங்கும் 'சோரோர்' என்ற சொல் இலத்தீனில் சகோதரியைக் குறிப்பது. அதை வெறுமனே 'சகோதரி' என்று பெயர்த்தால் வாசகர் உடன்பிறந்தவரைத் தேடுவார். சொல்லை அப்படியே இட்டு முதன்முறை மட்டும் விளக்குவது நல்லது. உறுப்பினரல்லாதவர் அவர்களை அப்படி விளிப்பதும் முறையன்று.

புதுமுக மாணவியரை வதைப்பதை மரபென்று சுவையூட்டி எழுதும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். இத்தகைய ஒன்பது சங்கங்களை இன்று உள்ளடக்கிய கூட்டவையானது, நீண்ட நாள் சோதனைக்கு உள்ளாக்கிச் சேர்க்கும் பழைய முறையை 1990இல் கைவிட்டது. வதை அதற்கு முன்பும் சங்கங்களின் விதியாக இருந்ததில்லை.

ஹாரிஸை 'முன்னாள் உறுப்பினர்' என்று எழுதுவதே நான் இன்றும் அதிகமாகத் திருத்தும் பிழை. கல்லூரியோடு முடியும் உறவன்று இது. பட்டம் பெற்றவர்களுக்கென்றே தனிக் கிளைகள் இயங்குகின்றன. 2020 ஆகஸ்டில் அவர் துணை அதிபர் வேட்பாளரானதும், தேர்தல் நிதிக்கு 19 டாலர் 8 சென்ட் என்ற தொகையில் நன்கொடைகள் குவிந்தன, 19.08 என்பது சங்கம் பிறந்த ஆண்டு. சில்லறையை நீக்கி 19 டாலர் என்று முழுமையாக்கிவிட்டால், கணக்கு ஏறத்தாழச் சரியாக இருக்கும், செய்திதான் காணாமற்போயிருக்கும்.