இரவில் கிளம்பும் கசப்பான எண்ணத்துக்கு எனக்குப் பலித்த வழி

"நினைக்காதே" என்று மனதை அதட்டினால் எண்ணம் இன்னும் பலமாகத் திரும்பும். அதட்டும்போதும் கவனம் அதன் மேல்தானே இருக்கிறது! வேதாகமத்தில் மத்தேயு 12:43-45-இல், பெருக்கி ஜோடித்த வெறும் வீட்டுக்குத்தான், விட்டுப்போன அசுத்த ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வருகிறது. ஆகவே மனதை வெறுமையாக விடாமல் நல்லதால் நிரப்ப வேண்டும்.

எண்ணம் எழுந்ததும் மழுப்பாமல் ஒரே வரியில் ஜெபித்துவிடுவேன்: "ஆண்டவரே, இன்னார் மேல் கோபமாயிருக்கிறேன்." உடனே 23-ஆம் சங்கீதம், வாய்விட்டு, மெதுவாக. ஆறே வசனங்கள்தான். மனதுக்குள் மட்டும் சொன்னால் பாதியில் பழைய வாக்குவாதம் நுழைந்துவிடும். அடுத்து, எவற்றைச் சிந்திக்க வேண்டும் என்று பிலிப்பியர் 4:8 தரும் பட்டியலில் முதலாவதான 'உண்மை': நான் நினைப்பது நடந்ததா, என் ஊகமா? பெரும்பாலும் ஊகம்தான். கடைசியாக அந்த ஆளுக்காகவே ஜெபம். கசக்கும், தாண்டிப்போகத் தோன்றும். இதை விட்டால் மறுநாளும் அதே கதை.

எண்ணம் வருவதையே பாவமாக்கிக் குமையாதீர்கள். இயேசுவும் சோதிக்கப்பட்டார் (எபிரெயர் 4:15). வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால் மருத்துவரையும் பாருங்கள்.