வரப்புத் தகராறில் இரண்டு பக்கமும் கேட்பது எப்படி

சர்வே வேலையில் இருந்தவன் என்பதால், ஓய்வு பெற்ற பிறகும் வரப்புச் சண்டை என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போனதும் டேப்பை எடுக்க விடமாட்டேன். முதலில் இருவரையும் தனித்தனியாக, அவரவர் வயலில் நிற்க வைத்துக் கேளுங்கள். டீக்கடையில் வைத்துக் கேட்டால் பழைய கல்யாண வீட்டுக் கோபமும் சேர்ந்து வரும்.

"எவ்வளவு போச்சு?" என்று கேட்காதீர்கள். "உங்கப்பா காலத்துல வரப்பு எங்கே இருந்துச்சு, நின்னு காட்டுங்க" என்று கேளுங்கள். ஒருவர் "வரப்பை வெட்டியே தின்னுட்டான்" என்பார். மற்றவர் "அண்டை வெட்டுனேன், அவ்வளவுதான்" என்பார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். நடவுக்கு முன் வரப்பின் பக்கவாட்டைப் புல்லோடு சீவிவிட்டு, சேற்றை அள்ளிப் பூசுவது வழக்கம். ஒருவர் ஆழமாகச் சீவிப் பூசாமல் விட்டு, எதிர்ப்பக்கத்துக்காரர் ஒழுங்காகப் பூசிக்கொண்டே வந்தால், போகத்துக்குப் போகம் வரப்பு நகரும். சீவியவருக்கு அது புல் எடுத்த வேலை, எதிர்ப்பக்கத்துக்காரருக்குத் திருட்டு.

அடுத்தது காகிதம். உங்கள் பத்திரத்தைவிடப் பக்கத்து நிலத்துக்காரர் பத்திரத்தை நிதானமாகப் படியுங்கள், முக்கியமாகச் செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லைகளிலும் என்ன இருக்கிறது என்று எழுதிய பகுதியை. உங்களுடையதில் கிழக்கு எல்லை அவர் நிலம் என்று இருக்கும். அவருடையதில் மேற்கு எல்லை வாய்க்கால் என்று இருக்கும். அப்படியானால் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். தூர்ந்துபோன புறம்போக்குக்காக இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொள்வது புதிதல்ல. இந்த இடத்தில் நீர்க்கட்டியை, அதாவது ஊர் வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடுபவரைக் கேளுங்கள். யார் நிலம் என்று அவருக்கு அக்கறை இல்லை, தண்ணீர் எப்படிப் போனது என்று தெரியும்.

கணக்கிலும் கவனம் வேண்டும். பட்டாவில் 0.40.5 ஹெக்டேர், அதாவது 0.405 ஹெக்டேர் என்று இருக்கிறது. அதை ஏக்கராக்க ஒருவர் 2.5-ஆல் பெருக்கி 101¼ சென்ட் என்பார், இன்னொருவர் 2.47-ஆல் பெருக்கி 100 சென்ட் என்பார். அந்த ஒண்ணேகால் சென்ட் எந்த வயலிலும் கிடையாது, பெருக்கலில் பிறந்தது.

இதெல்லாம் முடிந்த பிறகு புலப்படத்தை, அதாவது உங்கள் சர்வே எண்ணின் எல்லை அளவுகள் உள்ள வரைபடத்தை எடுங்கள். அரசின் நில ஆவண இணையதளத்திலேயே கிடைக்கும். இருவரும் ஒப்புக்கொள்ளும் எல்லைக்கல்லிலிருந்து தொடங்குங்கள்; மூன்று சர்வே எண்கள் கூடும் இடத்துக் கல் என்றால் நல்லது. அந்தக் கல்லையும் அப்படியே நம்பிவிடாமல், இன்னொரு கல்லுக்கு உள்ள தூரத்தைப் படத்தோடு ஒத்துப் பாருங்கள். கல்லும் நடக்கும்!

அளந்து முடித்ததும் "நான் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலே இதை அனுபவிச்சுட்டு வர்றேன்" என்று ஒருவர் ஆரம்பித்தால், டேப்பைச் சுருட்டிவிடுங்கள். அது எதிரிடை அனுபவ பாத்தியம். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் வருவது. அதற்குச் சிவில் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.